ஒன்பது மணிக்குள் கிளம்பிய லாரி

போன சனிக்கிழமை காலை ஈ.சி.ஆர். சாலையோரம், மணலில் குத்துக்காலிட்டு நான் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் போன யாரோ செல்போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

அவ்வளவு வெட்கம்!

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ கண்ணு மூக்கு வைத்துச் சொல்லி நீங்கள் கேட்பதைவிட, நானே சொல்வது நல்லது, இல்லையா?

என்னிடம் ஒரு பழைய ராணுவ லாரி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் அடிக்கடி பீற்றிக்கொள்வேனே... அதேதான். ஏலத்தில் எடுத்தது. எந்தப் போருக்குப் போய் வந்ததோ தெரியாது. என் வீட்டில் பல போர்களுக்குக் காரணம்.

திருவிடந்தையில் ஜமால் பாய் என்ற மெக்கானிக்கின் ஷெட்டில் அதற்கு வைத்தியம் நடக்கிறது. இன்ஜின் இன்னும் கண் திறக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்தில் பழைய வாகனங்களின் கண்காட்சி! ஓடாவிட்டால் என்ன, இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தோம்.

கயிறு கட்டி இழுக்க முடியாது. லாரிக்கு பிரேக் அரைகுறை. முன்னால் போகிற வண்டி நின்றால், இது போய் அதன் முதுகில் முட்டும். அதற்குத்தான் டோ பார் – இரண்டு வண்டிகளுக்கும் நடுவே மாட்டுகிற இரும்புச் சட்டம். ஒரு பக்கம் லாரியின் முகத்தில் மாட்ட வேண்டும். இன்னொரு பக்கம் இழுக்கிற வண்டியின் கொக்கியில். அங்கே ஒரு பின் செருகி, அது எகிறி வெளியே வராமலிருக்க நுனியில் ஒரு சின்ன கிளிப் போட வேண்டும்.

டோ பாரை பாயே வெல்டிங் செய்து பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார். "நாலு பேர் பாக்கட்டும் சார். பழைய வண்டி வச்சிருக்கிறவங்கல்லாம் அங்க வருவாங்க. நம்ம ஷெட்டுக்கும் வேல வரும்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

நானோ வீடியோக்கள் பார்த்துத் தேறியவன். முந்தின நாள் முழுக்க பாய்க்கு வகுப்பெடுத்தேன். "கிளிப்தான் பாய் உயிர்! கிளிப் இல்லாம ஒரு அடி நகரக் கூடாது!" பாவம், அவரும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை. படகுகளைக் கரைக்கு இழுக்கிற டிராக்டரோடு ஏழுமலை வந்துவிட்டார். வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். நாங்கள் டோ பாரை மாட்டினோம். பின் உள்ளே போயிற்று. கிளிப்?

காணோம்! மணலில் எங்கேயோ விழுந்துவிட்டது. சலித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை.

"ஒம்போது மணிக்கு ஹார்டுவேர் கடை தொறந்துடுவான் சார். ஒரு எட்டு போய் வாங்கினு வந்துடறேன்" என்றார் பாய்.

ஒன்பது மணி. அதைக் கேட்டதும் என் கண் எங்கே போயிற்று தெரியுமா? ஷெட் சுவரில் தொங்கிய தினசரி காலண்டருக்கு. சனிக்கிழமை – ராகுகாலம் 9 முதல் 10.30 வரை.

சிரிக்காதீர்கள். ஆமாம், அதே ஆள்தான். ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, இன்டர்வியூவைக் கோட்டைவிட்ட ஒருவரை இதே பக்கத்தில் கிழி கிழி என்று கிழித்தவன். நீங்களும் "சபாஷ்!" என்று எழுதினீர்கள். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் ஊரார் வண்டி வேறு, நம் வண்டி வேறு அல்லவா? மாதக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்த வண்டி, முதல்முறையாக ரோட்டைத் தொடப்போகிறது. எதற்கு வம்பு? எத்தனை மேடையில் பகுத்தறிவு பேசியிருந்தால் என்ன, இந்த 'எதற்கு வம்பு' மட்டும் அடிவயிற்றில் உட்கார்ந்தே இருக்கிறது.

"வேணாம் பாய். லேட்டானா டிராஃபிக் ஏறிடும். கட்டுக்கம்பியைச் சுத்துங்க, போதும்."

"கம்பி நிக்காது சார். நீங்கதானே நேத்து பூரா..."

"பக்கத்துலதானே போறோம்? சுத்துங்க பாய்!"

பாய் காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கம்பியைச் சுற்றினார்.

ஒன்பதுக்குள் கிளம்பிவிட்டோம். டிராக்டரில் ஏழுமலை, மட்கார்டில் பாய், லாரி ஸ்டியரிங்கில் நான். பைக்கில் போனவர்களுக்குக் கை காட்டினேன். ஒரு சல்யூட்கூட அடித்தேன்... கர்மம்!

ஒரு குப்பத்துப் பக்கம், வேகத்தடையில் டிராக்டர் ஏறி இறங்கியது. 'டங்' என்று ஒரு சத்தம். டிராக்டர் தன்பாட்டுக்குப் போகிறது. டோ பார் ரோட்டில் தேய்ந்து தீப்பொறி பறக்கிறது. நான் பிரேக்கை மிதிக்கிறேன்... மிதிக்கிறேன்... லாரி நிற்கிற வழியாக இல்லை. எதிரே பஸ்! ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தேன். மணலில் இறங்கித்தான் நின்றது.

நல்லவேளை, அங்கே ஆள் யாருமில்லை. தார்ப்பாய் மட்டும்தான் இருந்தது. தார்ப்பாய் முழுக்கக் காயப்போட்ட மீன்.

"யோவ்! கண்ணு இன்னா பொடனிலயா கீது? விடியக்காலீல எந்திரிச்சி உப்பு போட்டு காய வச்சிகினு கீறேன், அது மேலயே வண்டிய உட்டுக்கினியே!" என்று ஓடிவந்தார் மீன்காரர் காசியம்மா.

அதற்குள் ஏழுமலை திரும்பி வந்து கொக்கியைப் பார்த்துவிட்டார். "இன்னா பாயி, கிளிப்பு எங்க? கட்டுக்கம்பிய சுத்தி உட்டுகிற! ஒரு உசுரு போயிருந்தா?"

கூட்டம் கூடிவிட்டது. கண்காட்சிக்குப் போய்க்கொண்டிருந்த பழைய ஜீப் ஒன்றும் நின்றது. "யாருங்க மெக்கானிக்?" என்று கேட்டபடி அதன் சொந்தக்காரர் இறங்கினார். "நம்ம ஜமால் பாயிதான்" என்று ஏழுமலை காட்டினார். "இவர் கையிலதான் ஜீப்பைக் கொடுக்கணும்னு இருந்தேன். நல்லவேளை" என்றார் அவர்.

பாயின் முகம் செத்துவிட்டது. "தப்பு என்மேலதான் சார். டிராஃபிக் ஏறிடும்னு அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

நான் சொன்ன பொய்! அதை அப்படியே எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். நானோ வாயில் கொழுக்கட்டையோடு நிற்கிறேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

"இன்னாய்யா பொல்லாத டிராபிக்கு? ரோடே காலியா கீது!" என்றார் காசியம்மா. "ராவு காலத்துக்கு முன்னாடி ஓடியாறவன் மாரி ஓடியாந்துகிறீங்க!"

அவர் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஆமாம்மா" என்றேன். "ராகுகாலத்துக்கு முன்னாடி எடுக்கணும்னுதான். பாய் கிளிப் வாங்கிட்டு வர்றேன்னார். நான்தான் கேக்காம கம்பி கட்டச் சொன்னேன். அவர்மேல ஒரு தப்பும் இல்ல."

ஜீப்காரர் என்னை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க... ராகுகாலத்தைக் கிண்டல் பண்ணி எழுதினவர்தானே?"

தலையாட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு நேரே பாயிடம் போய், "ஸாரி பாய், உங்க நம்பர் சொல்லுங்க" என்றார். அந்த மட்டில் எனக்கு மூச்சு வந்தது.

காசியம்மாவின் கோபம் பாதி இறங்கிவிட்டது. "அட, இதுக்கா? நல்ல நேரம் பாக்கறது தப்பா இன்னா? நம்ம ஆளுதான் நீ! வா, வந்து பொறுக்கு."

நம்ம ஆளு! அவர் திட்டியதுகூட இப்படி உறைக்கவில்லை.

நசுங்கியதையெல்லாம் நானே விலைக்கு வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன். எங்கே கிளம்பினோம் என்பதையும் சொன்னேன். காசியம்மா ஒரு மீனை உதறிக்கொண்டே, "கண்காட்சி எப்போ?" என்று கேட்டார்.

"நாளைக்குத்தாம்மா."

"நாளைக்கா? ஏன் சார், பத்தரைக்கு மேல எட்த்திருந்தா ராவு காலமும் போயிருக்கும், கடையும் தொறந்திருப்பானே?"

பகுத்தறிவாளர் மும்முரமாகக் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தார்.