லிஃப்ட்காரரின் வீடியோ கேமரா

வீடியோ கேமராவைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஜூம் பொத்தானை அழுத்துகிறார். விடுகிறார். மறுபடி அழுத்துகிறார். "உள்ள மோட்டார் உறுமுது. நாம பேசுறதோட இந்தச் சத்தமும் சேர்ந்து பதிவாயிடும்" என்று கீழே வைக்கிறார். இந்தக் கடையில் இது ஏழாவது கேமரா.

இவர் என் எதிர் வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் தான் மூன்று முறை ஏறி இறங்காமல் வேறு யாரையும் ஏற விட மாட்டார். வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஆசாமி. அப்படிப்பட்டவர் கேமரா வாங்கக் கிளம்பினால் கேட்க வேண்டுமா? ஆறு வாரமாக அலைகிறார். துணைக்கு நான், பாவம், என் கால்கள்.

கையில் ஒரு நோட்டு. பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்கும், வெளி மைக் மாட்ட இடம் இருக்கிறதா, அந்த மைக்குக்குக் காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் பஞ்சு உறை கிடைக்குமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். மூன்று கால் ஸ்டாண்டை விரித்து, அதன் தலையில் தன் ஸ்பானர் பையைத் தொங்கவிட்டு ஆட்டிப் பார்த்தார். கடைக்காரர் நொந்துபோய், "சார், படம் எப்படி வருதுன்னு ஒரு தடவையாவது பாருங்க!" என்றார்.

"படம் எங்கிட்ட நிறைய இருக்குங்க."

அவர் மனைவிக்குத் திங்கட்கிழமை தொண்டையில் அறுவை சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை என்ற டாக்டர், குரலைப் பற்றி மட்டும் கையை விரித்துவிட்டார். இன்று சனிக்கிழமை. நோட்டில் பாதிக் கேள்விகளுக்கு இன்னும் டிக் விழவில்லை.

அந்த அம்மாளும் இன்று கூட வந்திருந்தார். பேச்சைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்; அவராவது, குறைப்பதாவது. எட்டாவது கேமராவில் மைக்கை மாட்டி, மனைவி பக்கம் நீட்டினார் லிஃப்ட்காரர்.

"ஏதாவது பேசு."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

"ஆறு வாரமா கடை கடையா ஏறி இறங்குறீங்களே, அதுல ஒரு சாயங்காலமாவது வீட்டுல உக்காந்து எங்கூடப் பேசியிருக்கக் கூடாதா? போதும், வாங்க. எனக்குப் பசிக்குது."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டார். மூன்று முறை கேட்டார். பிறகு, மீதிக் கேள்விகளை அப்படியே விட்டு நோட்டை மூடிவிட்டார்.

கடைக்காரருக்கு உயிர் வந்தது. உள்ளே ஓடிப் போய்ப் பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். "சார், அது பார்வைக்கு வெச்சது, ஊரே கை வெச்சது. நீங்க இந்தப் புதுசை எடுத்துக்குங்க. குடுங்க, அதுல பதிஞ்சதை அழிச்சிடறேன்" என்று கையை நீட்டினார்.

லிஃப்ட்காரர் இரண்டு கையாலும் கேமராவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கடைக்காரருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.