இல்லை என்று நான் அடித்த பதில்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு மாடி வீட்டையே பள்ளியாக்கி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் முப்பது பேரை வைத்து நடத்துகிறார்கள். அங்கே நான் இசை டீச்சர். கீபோர்டு வாசிப்பேன், பாடுவேன், இசை சிகிச்சையில் ஆறு மாதப் பயிற்சிச் சான்றிதழும் வைத்திருக்கிறேன். அந்தச் சான்றிதழை நம்பி ஒரு பிள்ளையிடம் துணிந்து எதையும் செய்ய எனக்கு எப்போதும் பயம். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சியில் தொடங்கி பிரின்ஸிபால் வரை எல்லாவற்றுக்கும் பயப்படுவேன்.

அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் போட ஏஐ-யைப் பயன்படுத்தலாம் என்று பிரின்ஸிபால் சொன்னபோது முதலில் நடுங்கியவள் நான்தான். பிறகு அதை விடாமல் பிடித்துக்கொண்டவளும் நான்தான். பெயரைச் சொல்லாமல் வயது, குறைபாடு, பிடித்த ஓசை, பிடிக்காத ஓசை என்று அடித்தால் அரை நிமிடத்தில் ஒரு பக்கம் வந்து விழும். எந்தத் தாளத்தில் தொடங்குவது, பிள்ளை காதைப் பொத்திக்கொண்டால் என்ன செய்வது, எல்லாம் அதில் இருக்கும். என்னைவிட நன்றாகவே யோசித்தது. ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பேச்சு வராது. ஆனால் டிரம் முன்னால் உட்கார வைத்துவிட்டால் எழுந்திருக்க மாட்டாள். அவளுடைய அம்மா கார்மென்ட்ஸில் தைக்கிறவர். பள்ளியில் சேர்த்த இரண்டாம் மாதம் ஒருநாள் என்னைப் பள்ளி கேட்டுக்கு வெளியே நிறுத்தி, பிள்ளைக்கு வலிப்பு வரும் என்று மெதுவாகச் சொன்னார். டியூப்லைட் விட்டுவிட்டு எரிந்தாலே வந்துவிடுமாம். மாத்திரை தவறாமல் கொடுத்துவருகிறார். இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் இது தெரிந்ததும், பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதனால் இங்கே படிவத்தில் மறைத்துவிட்டார்.

"உங்க காதோட இருக்கட்டும் மிஸ். இந்த ஸ்கூலும் போச்சுன்னா அவளுக்கு வேற இடம் இல்ல."

சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அவளுக்குத் திட்டம் போட்ட அன்று, எங்களிடம் இருக்கும் கருவிகளை வரிசையாக அடித்தேன். டிரம் அடிக்க அடிக்கக் கூடவே மின்னும் ஒரு விளக்கும் அதில் உண்டு. ஏதோ ஒரு கம்பெனி நன்கொடையாகக் கொடுத்தது. உடனே ஏஐ கேட்டது: இந்தக் குழந்தைக்கு எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா? கேட்க வேண்டியதைத்தான் கேட்டது. என் விரல்கள்தான் அப்படியே நின்றுவிட்டன. நான் அடிப்பதெல்லாம் பள்ளியின் ஏஐ கணக்கில் பதிவாகும், பிரின்ஸிபால் படிப்பார். 'இல்லை' என்று அடித்தேன். நாலாவது படியில் அந்த விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. வகுப்பு எடுக்கப்போவது நான்தானே, அந்தப் படியைத் தாண்டிப் போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மூன்று வாரம் தாண்டித்தான் போனேன். நாலாவது வாரம் ஊரின் மறுகோடியில், ஹெப்பகோடியில் இருக்கும் எங்கள் புதுக் கிளைக்கு என்னை அனுப்பினார்கள். ஏஐ வைத்துத் திட்டம் போடுவது எப்படி என்று அங்குள்ள டீச்சர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பயந்தாங்கொள்ளிக்கு வாத்தியார் வேலை. என் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இளம் டீச்சரிடம் திட்டக் காகிதங்களைக் கத்தையாகக் கொடுத்துவிட்டுப் போனேன். எதைக் கொடுக்கிறேன் என்பதே அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஹெப்பகோடியில், கைக்கு முதலில் வந்த திட்டத்தைத் திரையில் போட்டேன். அது அவளுடையது. கேள்வியும் என் பதிலும் சுவரில் பெரிய எழுத்தில் தெரிந்தன. இந்த வகுப்பு எப்போது நடக்கும் என்று ஒரு டீச்சர் கேட்டார். இன்றைக்குத்தான், பதினொரு மணிக்கு என்று சொல்லும்போதுதான், நாலாவது படியோடு அந்தக் காகிதம் இளம் டீச்சர் கையில் இருப்பது உறைத்தது. மணி பத்தே முக்கால்.

வெளியே ஓடி வந்து அந்த இளம் டீச்சருக்கு ஃபோன் போட்டேன். வகுப்பு நேரத்தில் டீச்சர்களின் ஃபோன் ஆபீஸ் டிராயரில்தான் இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீஸ் நம்பரில் கிளார்க் எடுத்தார். வலிப்பு என்று சொல்லத் துணிவில்லை. அந்தப் பெண்ணுக்கு லைட் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். ஏன் மேடம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன். சரியென்று வைத்துவிட்டார். ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்ட காரியத்துக்கு நான் 'சும்மாதான்' என்று சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அதன்பிறகு அந்த நம்பரையும் யாரும் எடுக்கவில்லை. வாடகைக் கார் பிடித்துக் கிளம்பினேன். அந்தத் திட்டம் எனக்கு நிமிடக் கணக்கில் மனப்பாடம். பதினொன்று ஐந்துக்கு மெல்லத் தட்டுவது. பதினொன்று பத்துக்கு வேகம் கூட்டுவது. பதினெட்டுக்கு விளக்கு. பதினொன்று பதினெட்டுக்கு கார் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் அசையாமல் நின்றது. கண்ணை மூடினால் அவள் பல் கிட்டிப்போய்த் தரையில் கிடந்தாள். கண்ணைத் திறந்தாலும் அதேதான். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். பாட்டிலை வாங்கினேன், மூடியைத் திறக்க வரவில்லை.

போய்ச் சேரும்போது பன்னிரண்டரை தாண்டிவிட்டது. அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தாள். கிளார்க் ஒன்றும் சொல்லவில்லையாம், மறந்துவிட்டார். அந்த இளம் டீச்சர் பெருமையோடு என்னிடம் வந்து, தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"எல்லாம் பேப்பர்ல இருந்த மாதிரியே செஞ்சேன் மிஸ். நடுவுல கரண்ட் ஹோய்த்து, அதான் லைட் போடல. நாளைக்குப் போட்டுக்கலாம்."

அந்தப் பிள்ளைகளின் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் இல்லை. நாளைக்கு என்று அவர் சொன்னாரே, அதற்கு.

சாயங்காலம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஏஐ கேட்டதையும், நான் இல்லையென்று அடித்ததையும், காரில் வந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ரெண்டு மணி நேரம் உயிரே போய்விட்டது என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"ரெண்டு மணி நேரந்தானா மிஸ்?" என்று மட்டும் கேட்டார்.

இனி மறைக்க முடியாது, நாளைக் காலை மாற்றி எழுதப்போகிறேன் என்றேன். அவர் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் போனதும் 'உண்டு' என்று அடித்தேன். விளக்கு திட்டத்திலிருந்து போய்விட்டது. டாக்டரிடம் கேட்காமல் அடுத்த வகுப்பு வேண்டாம் என்றும், வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தது. அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பிரின்ஸிபால் அறைக்குப் போனால், அந்த அம்மா எனக்கு முன்பே அங்கே வந்து நின்றிருந்தார். ஆஸ்பத்திரி ஃபைல் மேஜைமேல் திறந்து கிடந்தது. பிரின்ஸிபால் ஒவ்வொரு சீட்டாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இது இங்க யாருக்காவது முன்னாடியே தெரியுமா?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாது மேடம்."

அப்படியே வெளியே போய்விட்டிருக்கலாம்.

"எனக்குத் தெரியும் மேடம்" என்றேன்.