கோழிக்கூட்டுக் கணக்கும் முட்டை ஈனோஸின் ரத்தமும்

மேட்டியின் இரண்டாவது பிள்ளையைப் புதைத்த மறுநாள், விடியலில் அவள் எழுந்து போவதற்குள் யாரோ பசுக்களைக் கறந்துவைத்திருந்தார்கள். பதினொரு நாள் அப்படியே நடந்தது. பனியில் பதிந்த காலடியை வைத்துத்தான் அது சலோமி என்று தெரிந்தது.

சலோமி, காரும் மின்சாரமும் வேண்டாமென்று வாழும் பென்சில்வேனியாவின் ஆமிஷ் சபையில் பேறுகாலம் பார்ப்பவள். காய்ச்சல் வந்ததும் பிள்ளைகளை முடக்கிச் சாகடிக்கும் நோய் அங்கே ஐந்து வீடுகளில் இருந்தது. மரபணுவில் அது ஒட்டிவரும் இடம் தெரிந்தால், பிறந்த அன்றே சோதித்து, தனிப் பால் கொடுத்துக் காப்பாற்றலாம் என்றாள், ரத்தத்தை வைத்து அந்த இடத்தைக் கணக்குப் போட்டுத் தேட வந்திருந்த டாக்டர் ஹெலன். மேட்டிக்கு அப்போது எட்டாம் மாதம்.

"முதல்ல எல்லா இடத்து மேலயும் கொஞ்சம் சந்தேகம் வைப்போம். ஒவ்வொரு வீட்டு ரத்தமும் அதைக் கூட்டும், இல்ல குறைக்கும்," என்றாள் ஹெலன்.

"கோழிக்கூட்டுக் கணக்குதானே," என்றாள் சலோமி. "நரி எந்த ஓட்டையில வருதுன்னு தெரியாது. ஒரு ஓட்டைகிட்ட இறகு கிடந்தா சந்தேகம். மூணு நாள் கிடந்தா அங்கதான் பொறி."

"இதுக்கு நான் எட்டு வருஷம் படிச்சேன்."

"கோழி வளர்த்திருக்கலாம்."

நான்கு வீட்டு ரத்தத்தில் ஓர் இடத்தின் மேல் நம்பிக்கை நூற்றுக்குத் தொண்ணூறானது. மேட்டி வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டிருந்தாள். ஐந்தாவதாக ஈனோஸ் வீடு. நம்பிக்கை சட்டென்று பாதியாகச் சரிந்தது.

"நோய் உள்ள பிள்ளையோட அப்பா ரத்தத்துல அந்த இடத்து அடையாளமே இல்ல," என்றாள் ஹெலன்.

சலோமி நிமிர்ந்தாள். "எந்த ஈனோஸ்?"

சபையில் ஒரே பேரில் இரண்டு பேர்: நோய்ப் பிள்ளையின் அப்பா, முட்டை விற்கும் முட்டை ஈனோஸ்; இன்னொருவன், எப்போதும் சீட்டியடிக்கும் சீட்டி ஈனோஸ். ரத்தம் எடுத்த வெளியூர் நர்ஸ் பேரை மட்டும் பார்த்துப் போனவள். சலோமி குதிரை வண்டியை விரட்டிக்கொண்டு போய்ச் சீட்டி ஈனோஸைப் பிடித்தாள்.

"எதுக்கு ரத்தம்னு கேக்கலையா?"

"கையை நீட்டச் சொன்னாங்க, நீட்டினேன். வீடு தேடி வந்தவங்ககிட்ட மாட்டேன்னு சொல்றது நல்லாவா இருக்கும்?"

முட்டை ஈனோஸைக் கூடையோடு வண்டியில் ஏற்றி வந்து இறக்கினாள். அவன் ரத்தத்தில் அந்த அடையாளம் இருந்தது. நம்பிக்கை தொண்ணூற்றொன்பது. ஹெலன் பென்சிலைப் போட்டுவிட்டு சலோமியைக் கட்டிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ரோடா பிறந்தாள். சோதித்ததில் நோய் அவளுக்கும் இருந்தது. அன்றே தனிப் பால் தொடங்கியது. முதல் காய்ச்சல் வந்த வாரம் மேட்டி முழங்காலில் நின்ற ஜெபத்தை விட்டு எழவில்லை. காய்ச்சல் இறங்கியது, பிள்ளை கையை ஆட்டியது. கர்த்தர் இரங்கினார்.

ஐந்து வருஷம் கழித்து சலோமி ஒஹாயோவில் மகள் வீட்டோடு இருக்கப் புறப்பட்டாள். பிறகு அவளும் மேட்டியும் சந்திக்கவில்லை. புறப்பட்ட அன்று வண்டியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த ரோடாவைப் பார்த்தபடி சொன்னாள்:

"இனிமே கறக்க நான் வரமாட்டேன், மேட்டி. இவளுக்குக் கத்துக்குடு."