செல்லம்மாளுக்கு ஒரு மெத்தை

சேவூரில் என் சித்தி செல்லம்மாளை அதிகம் பேசாதவள் என்பார்கள். அதனால் கோபமும் இல்லாதவள் என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்குப் பேச நேரமில்லை, அவ்வளவுதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து பட்டுப்புடவை நெய்யும் குழித்தறியில் உட்கார்ந்திருக்கிறாள். குழிக்குள் காலை விட்டு மிதியை மாற்றி மாற்றி அழுத்தியதில் வலது இடுப்பு போய்விட்டது. பாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் எலும்பு தரையில் குத்தும். தூங்காமலே விடியும். விடிந்ததும் மறுபடி குழி.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் சந்தோஷ் ஒரு கட்டில் வாங்கி அனுப்பினான். மெத்தையை மட்டும், "அம்மா படுத்துப் பாத்து எடுக்கட்டும்" என்று விட்டுவிட்டான். சித்தி, சித்தப்பா வேணுகோபால், நான் மூவரும் ஆரணி பஜாருக்குப் போனோம்.

கடைக்காரர் அருள்மணி இரண்டு மெத்தைகளைக் காட்டினார். "இது தேங்கா நாரு, கெட்டியா நிக்கும். இது ஃபோம், ஒடம்பு அமுங்குற எடத்துல அமுங்கும். ரெண்டுமே நல்ல சரக்கு. வெலையும் ஒண்ணுதான். ஒடம்புக்கு எது ஒத்துக்குதோ அதை எடுத்துக்கோங்க."

சித்தப்பா குனிந்து நார் மெத்தையின் ஓரத்துத் துணியை விரலில் பிடித்தார். நகத்தால் கீறிப் பார்த்தார். புடவைக்கு வந்தவரைப் போல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "இழை நெருக்கமா நெய்ஞ்சிருக்கான். இதான்."

"சார், அது வெறும் உறைதான். மேல பெட்ஷீட் வந்துடும்."

"துணி நல்லா இருந்தா உள்ள இருக்கறதும் நல்லா இருக்கும்பா." அதன்மேல் மல்லாந்து படுத்தார். "ஆடாம கீது." ஃபோம் மெத்தையில் படுத்ததும் முகம் சுளித்தார். "குழியில எறங்குற மாதிரி கீது. இதுல மனுஷன் படுப்பானா? அதையே பில் போடுப்பா."

"நான் படுத்துப் பாக்கல" என்றாள் சித்தி.

"நாலு ஆம்பளைங்க நிக்கிற எடத்துல படுக்கப் போறியா? கையால அழுத்திப் பாரு, போதும்."

"இடுப்பு வலி என் கைக்கா?"

செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நார் மெத்தையில் வலப்பக்கமாகப் படுத்தாள். உடனே பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு ஃபோம். இடுப்பு மெதுவாக உள்ளே போனது. அவள் எழவில்லை. தலையணை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எழுந்திரு. மானம் போவுது" என்றார் சித்தப்பா பல்லுக்கிடையில்.

"போவட்டும். எனக்கு இதான்."

"அப்ப நான் எங்க படுக்கறது? எனக்கு இது ஒத்துக்காது."

அவர் சொன்னது பொய்யில்லை. சித்தி படுத்தபடியே அருள்மணியைக் கேட்டாள்: "தம்பி, ஒரு ஆளு படுக்கிற சைஸ் கீதா?"

"இருக்குக்கா. சிங்கிள்."

"அப்ப இதுல ஒண்ணு எனக்கு. அதுல ஒண்ணு அவருக்கு."

அருள்மணியின் பேனா நின்றது. "ஒரே கட்டில்ல பக்கத்துல பக்கத்துல போட்டுக்கலாம் சார்" என்று சமாளித்தார்.

சித்தப்பாவின் காது சிவந்தது. "பேரன் எடுக்கிற வயசுல தனிப் படுக்கை கேக்குதா ஒனக்கு? தெருவுல இன்னா பேசுவானுங்க?"

"தெருவா வந்து என் இடுப்பப் புடிச்சு வுடப்போவுது?" சித்தி எழுந்து உட்கார்ந்தாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது. "ராத்திரி குழியில படுக்க ஒங்களுக்கு ஆவல. சரி. பகலெல்லாம் குழியில யாரு உக்காந்துகினு கீறது? அது ஒத்துக்குதான்னு ஒரு நாள் கேட்டீங்களா?"

அவர் இரண்டுக்கும் பணத்தை எண்ணி வைத்தார்.

இரண்டு மெத்தைகளும் லோடு ஆட்டோவில் தெருவுக்குள் வந்தபோது எதிர்வீட்டு விருத்தாம்பாள் வாசலில் நின்றாள். "இன்னா செல்லம்மா, ஒண்ணு வாங்கினா ஒண்ணு இனாமா?"

"இல்ல. எனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு."

"அடிப்பாவி. சண்டையா?"

"இடுப்பு" என்று சொல்லிவிட்டு சித்தி உள்ளே போனாள்.

மறுநாள் காலை நான் போனபோது வெயில் கட்டில் வரை வந்திருந்தது. சித்தி தூங்கிக்கொண்டிருந்தாள். முதலாளியிடம் பட்டு வாங்கி வருவதும் புடவை கொடுத்து வருவதுமே தன் வேலை என்று தறியைவிட்டு எப்போதோ எழுந்துவிட்ட சித்தப்பா, அன்று குழியில் உட்கார்ந்திருந்தார். மாலைக்குள் புடவையை முடித்துக் கொடுத்தாகவேண்டும்.

"ஏ, இழை அறுந்துகினே போவுது. எழுந்து வந்து முடிச்சுப் போடு."

சித்தி கண்ணைத் திறந்தாள்.

"கண்ணுதான் நல்லா தெரியுதே. மெத்தை உறையில இழை பாத்தீங்களே, இதுலயும் பாருங்க" என்று சொல்லிவிட்டு, வலி இருந்த பக்கமே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.