ஊரே ஊட்டிய குதிரை

நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருடங்கள் முன்பு நடந்தது இது. எனக்குக் கல்யாணமான புதிது. கொல்லிமலைக்கு அப்போது ரோடு கிடையாது. நானும் வீட்டுக்காரரும் பேளுக்குறிச்சியிலிருந்து உப்பையும் துணியையும் மட்டக் குதிரையில் ஏற்றிக்கொண்டு மலைமேலிருக்கும் குண்டூர் நாட்டுக்குப் போவோம். திரும்பும்போது மிளகு மூட்டையோடு சந்தைக்கு இறங்குவோம். அந்த ஒற்றைக் குதிரைதான் எங்களுக்குச் சோறு போட்டது.

அந்த முறை நாங்கள் போனபோது சாமை அறுப்பு முடிந்து ஊரே குஷியாக இருந்தது. குதிரையைக் கட்டிவிட்டு மிளகு வாங்கத் தோட்டந்தோட்டமாகச் சுற்றினோம். "வாயில்லா ஜீவனும் புதுத் தவசம் திங்கட்டும்" என்று ஒரு வீட்டில் ஒரு முறம் சாமை வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டிலும் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வைத்தது இன்னொருவருக்குத் தெரியாது. அத்தனையையும் வழித்துத் தின்றிருக்கிறது அந்தத் தின்னிப்பண்டாரம்!

விடிந்ததும் வயிறு உப்பி, தண்ணீராகக் கழிந்தது. ஒருவழியாகக் கழிச்சல் நின்றதே என்று நாங்கள் மூச்சு விட்டால், முன்னங்கால்களை ஊன்ற மாட்டேன் என்கிறது. பின்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிற்கிறது. குளம்பைத் தொட்டேன், அடுப்புக்கல்லாகச் சுட்டது. வீட்டுக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கால் போன குதிரையை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? எனக்கு அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது.

"ஏனுங்க, யாருங்க இதுக்குத் தவசம் போட்டது? இது என்ன குதிரையா, தவசம் கொட்டி வெக்கிற குதிரா?" என்று கத்தினேன்.

"நான் கொஞ்சூண்டு போட்டனுங்க" என்று ஒருத்தி முனகினாள். "நானுந்தானுங்க" என்றார் இன்னொருவர். கடைசியில் பார்த்தால் போடாத வீடே இல்லை!

என் வயதுள்ள ஒரு மிளகுத் தோட்டக்காரி குளம்பைத் தடவிப் பார்த்தாள். "வயித்துச் சூடு காலுக்கு எறங்கிருச்சுங்க அக்கா. ஓடைத் தண்ணியில நிறுத்தினா ஆறும்" என்றாள்.

"ஓடைக்கு நடந்தாத்தானே!" என்றேன்.

"அது வராட்டிப் போவுது, ஓடைய நாம கொண்டாரலாமுங்க" என்று குடத்தை எடுத்தாள்.

அவ்வளவுதான், சாமை போட்ட கையெல்லாம் குடம் தூக்கியது. குதிரை நின்ற இடத்தையே சேறாக்கி, மாற்றி மாற்றிக் காலில் ஊற்றினார்கள். காய்ந்த புல்லைத் தவிர வேறெதையும் அதன் வாய்க்குக் காட்டவில்லை. சில நாட்கள் இப்படியே போயின. பிறகு ஒரு காலையில் அது முன்னங்கால்களை நன்றாக ஊன்றி, இரண்டு எட்டு எடுத்து வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அந்தத் தோட்டக்காரியின் முந்தானையைக் கவ்வியது.

"தின்னி பொழைச்சுக்கிச்சுடோய்!" என்று யாரோ கூவினார்கள். நான் அவளைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அழுதேன், இரண்டும்தான்.

குதிரைக்கு நல்ல நடை வந்த பிறகும் பொதி ஏற்ற ஊர்க்காரர்கள் விடவில்லை. மிளகு மூட்டைகளைத் தாங்களே தலையில் சுமந்து எங்களோடு இறங்கினார்கள். நடுவில் குதிரை வெறும் முதுகோடு மாப்பிள்ளை மாதிரி நடந்தது. சந்தையில் ஒருவர், "ஏனுங்க, அடுத்த தடவ குதிரையையும் தூக்கிட்டு வந்துருங்க!" என்று சொல்ல, சுமந்து வந்தவர்கள்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார்கள்.

இன்றைக்கும் எங்கள் மாட்டுக்கு யாராவது பாசமாக ஒரு பிடி தவசம் நீட்டினால், பாய்ந்து போய்க் கையைப் பிடித்துத் தடுக்கிறேன். ஆனால் பிடித்த அந்தக் கையை உடனே விடுவதற்கு எனக்கு மனசு வருவதில்லை.