இரண்டு கத்திகளில் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை மானிப்பாயிலிருந்து வந்து அப்பாவின் கத்தியை எடுத்துப்போவதாக அண்ணை சொன்னபோது நான் உடனே சம்மதித்தேன். காணியும் வீடும் பிரித்து எழுதியாகிவிட்டது. எங்களுக்குள் மிச்சமிருந்தது அந்தக் கத்திதான். அதைக் கொடுத்தால் பழையபடி முகம் கொடுத்துக் கதைப்பார் என்று நம்பினேன்.

ஆனால் எங்கள் குசினியில் ஒரே அளவான இரண்டு கத்திகள் இருந்தன. ஒன்று அப்பா கொல்லரிடம் அடிப்பித்தது. மற்றது நான் சந்தையில் வாங்கியது. இரண்டும் ஒரேமாதிரிக் கறுத்திருந்தன. ஒரே தச்சரைக் கொண்டு இரண்டுக்கும் ஒரேமாதிரிப் புதுப்பிடி போடுவித்தவனும் நான்தான். பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று.

அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவனுக்கு எதற்கும் ஒரு நடைமுறை அகப்படும். தேடி வாசித்தேன். கொல்லர் பழுக்கக் காய்ச்சிய கத்தியின் வெட்டும் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் தோய்ப்பார். அந்தப் பக்கம் இறுகும். முதுகு இளக்கமாகவே இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தை நன்றாக மினுக்கிப் புளிப்பான எதையாவது பூசினால் ஒரு கோடு தெரியும். சந்தைக் கத்தியில் அது தெரியாது. கடைசி வசனம் நான் வாசித்ததல்ல, நானாகச் சேர்த்துக்கொண்டது.

இரண்டையும் முரட்டுச் சான்ட்பேப்பரில் தேய்க்கத் தொடங்கினேன். குறுக்கே தேய்த்த கீறல்கள் மறையும்வரை அடுத்த தாளால் நெடுக்கே தேய்த்தேன். கடைசித் தாள் முடிந்தபோது என் மூக்குக்கண்ணாடி கத்தியில் தெரிந்தது. மனைவி வந்து பார்த்தாள்.

“என்னப்பா, கலியாணத்துக்கோ கொண்டுபோறியள்?”

எண்ணெய்ப்பசை போகச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இரண்டுக்கும் புளிப்புக்கு வினாகிரி பூசினேன். இரண்டும் சாம்பல் நிறமாகின. கோடு எதிலும் இல்லை.

அடுத்த நாள் காலை ஒன்றில் இருந்தது! அலைபோல வளைந்து, கீழே கருமையும் மேலே வெள்ளையுமாக. உடனே தொலைபேசியை எடுத்தேன்.

“அண்ணை, அப்பாவின்ரை கத்தியைக் கண்டுபிடிச்சிட்டன்.”

“அது எப்ப துலைஞ்சது?” என்றார்.

நான் தொலைபேசியை வைத்த பிறகுதான் மனைவி வாய் திறந்தாள். “உந்தக் கத்தியாலைதான் நேற்றுப் பின்னேரம் ஊறுகாய்க்குத் தேசிக்காய் வெட்டினனான். கழுவ மறந்துபோனன்.”

அப்படியானால் தேசிக்காய்ப் புளி அந்தக் கோட்டைக் காட்டிக்கொடுத்ததா, அதுவே போட்டதா? மறுபடி மினுக்கி வினாகிரி பூசினேன். கோடு வந்தது, ஆனால் முன்பு இருந்த இடத்திலல்ல. சந்தேகத்தில் மற்றக் கத்திக்கும் தேசிக்காய் தேய்த்தேன். அதிலும் கோடு வந்தது. இதற்குள் எதில் முதலில் கோடு கண்டேன் என்பதும் மறந்துவிட்டது.

அண்ணை வந்தார். இரண்டையும் மேசையில் வைத்தேன். தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“உது ரெண்டும் அப்பாவின்ரை இல்லை.”

“இதிலை ஒண்டு அப்பாவின்ரைதான் அண்ணை.”

“எது?”

நான் ஒன்றைத் தொட்டேன், பிறகு மற்றதை.

“அப்பாவின்ரை கத்தி கறுத்தக் கத்தி. அது இப்பிடி மினுங்கினதை ஆர் கண்டது?”

“நான்தான் மினுக்கினனான்.”

“ஏன் மினுக்கினனீ?”

“அப்பாவின்ரை எதெண்டு பாக்க.”

“பாத்தியோ?”

குசினிக்குள்ளிருந்து மனைவி அண்ணையிடம், “அத்தான், ரெண்டையும் கொண்டுபோங்கோவன்” என்றாள்.

“எனக்குச் சந்தைக் கத்தி வேண்டாம். தர விருப்பமில்லையெண்டால் நேரை சொல்லுறதுதானே? ஒளிச்சு வைச்சுப்போட்டு எனக்குக் கண்ணாடி காட்டுறான்.”

ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார். அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் அடங்கிய பிறகு நான் பின்பக்கம் போய், விறகுக் கொட்டிலில் அடுக்கியிருந்த மட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டேன்.

“இப்ப என்னத்தைத் தேடுறியள்?” என்றாள் மனைவி.

“அப்பாவின்ரை கத்தியை.”