உப்புத்தாளும் மூணு பள்ளமும்

உப்புத்தாள் தேய்க்கிற வேலையில மொதல்ல தேயறது மரம் இல்லீங்க, நம்ம கை. எங்க மேனாம்பேடு பட்டறை மாதிரி இடத்துல தூசி தின்னுகினு கீறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். நான் சொல்லப்போறதையும் அவங்கதான் நம்புவாங்க. மத்தவங்க இஷ்டம்.

ரேகை இல்லாத கை

ரேஷன் கடையில கட்டைவிரலை வெச்சேன், ரேகை இல்லன்னு மிஷின் கத்துச்சு. விரலை மாத்தி வெச்சேன், அப்பவும் கத்துச்சு. கட்டில், கதவு ஓரத்துல வளைவா ஓடற வேலைப்பாட்டை வெறும் விரலால தேய்க்கவே கூடாது. தேய்ச்சா முனையெல்லாம் கரைஞ்ச சோப்பு மாதிரி மழுங்கிடும். அதே வளைவைத் தலைகீழா செதுக்கின சின்னக் கட்டையில உப்புத்தாளைச் சுத்தித் தேய்க்கணும், அப்பத்தான் முனை முனையா நிக்கும். ஆனா கட்டை நுழையாத இண்டு இடுக்கு எங்கதான் இல்ல? அங்கெல்லாம் விரல்தான். ரேகை அப்படித்தான் போச்சு.

வரிசையில எனக்குப் பின்னாடி நின்னவன் துரை. எங்க பட்டறை மிஷின்காரன், வாய் சும்மா இருக்காது. எட்டிப் பார்த்துட்டு ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னான்: "அண்ணாத்தே, மிஷின் கணக்குல நீ செத்து ரொம்ப நாளாச்சு!"

ஆவடி கட்டில்

ஆவடி குவார்ட்டர்ஸ்ல இருந்து ஒரு தேக்குக் கட்டில் வந்துச்சு. கூடவே வசந்தாம்மாவும் அவங்க பையன் பிரபுவும். அந்தம்மா வீட்டுக்காரர் தவறிப்போய் கொஞ்ச மாசம்தான் ஆகுது. பிரபு மாங்காட்டுல ஃபிளாட் வாங்கி, அம்மாவைக் கூட்டிக்கினு போறான். "புதுசு மாதிரி பண்ணிடுங்க மாஸ்டர்" அப்படின்னான்.

அந்தம்மா என்னைத் தனியா கூப்பிட்டுப் பக்கச் சட்டத்தைக் காட்டினாங்க. சட்டம் நெடுக அரை உருண்டையா ஒரு வளைவு. ஒரு இடத்துல மட்டும் பக்கத்துப் பக்கத்துல மூணு பள்ளம். அவரு படுத்த படுக்கையா கிடந்தப்போ, புரண்டு படுக்க அங்கதான் அழுத்திப் பிடிப்பாராம். சின்ன வயசுலயே கரும்பு ஆலையில ஆள்காட்டி விரல் போயிடுச்சு, கட்டைவிரல் சட்டத்துக்கு அடியில போயிடும், அதான் மூணு. கட்டிலோ இவங்க கல்யாணச் சீரா வந்தது, விரல் போனதுக்கு ரொம்பப் பின்னாடி. அந்தம்மா பள்ளத்துல தன் விரலை வெச்சு எடுத்துட்டு சொன்னாங்க: "ராத்திரி இதைப் பிடிச்சாத்தான் தம்பி எனக்குக் கண்ணு மூடுது. இதை மட்டும் தொட்டுடாதீங்க."

சாக்பீஸ் வட்டம்

பையன் நல்ல புள்ள. அம்மா சொன்னது காதுல விழுந்து, யாரும் தொடக்கூடாதுன்னு, கிளம்பறப்போ அந்த இடத்தைச் சுத்தி சாக்பீஸால வட்டம் போட்டுட்டுப் போயிருக்கான். பாவி, பட்டறையில சாக்பீஸ் வட்டம்னா இன்னா அர்த்தம்? இங்க குறை கீது, எடுத்துடுன்னு அர்த்தம்! உலகத்துல எந்தப் பட்டறையிலயும் அதான்.

நான் தொழிற்பேட்டைப் பக்கம் பாலிஷுக்குத் தின்னர் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா பள்ளம் இல்ல. வட்டத்தைப் பார்த்த துரை, கட்டையில முரட்டுத் தாளைச் சுத்தி, பள்ளத்து மட்டத்துக்கு மொத்தச் சட்டத்தையும் இறக்கிட்டான். வளைவு கோணல் இல்லாம, முனை உடையாம, அப்படி ஒரு வேலை. அந்தம்மா மறுநாள் காலையில வர்றாங்க, இனிமே எங்க கை வெச்சுத் தூங்குவாங்க? அவன் தூசியைத் தட்டிக்கினே கேக்கறான்: "இன்னா அண்ணாத்தே முறைக்கிற? முனையைப் பாரு, கத்தி மாதிரி கீது!"

ஈரத்துணி

காலையில பட்டறையைத் திறந்தேன். அந்தம்மா வர இன்னும் நேரம் இருந்துச்சு. கை சும்மா இருக்க மாட்டாம வழக்கமான வேலையைச் செஞ்சுது. கடைசித் தாள் போடறதுக்கு முன்னாடி மரத்தை ஈரத்துணியால துடைப்போம். படுத்துக் கிடக்கிற நார் எழுந்து நிக்கும், அதை லேசா ஓட்டிட்டா அப்புறம் பாலிஷ். துடைச்சுட்டு டீ குடிச்சு வந்தேன். மிஷின் எதுவும் ஓடல, பட்டறையே அமைதியா இருந்துச்சு. சட்டத்துல கையை ஓட்டினேன். ஐயோன்னு இழுத்துக்கினேன்.

பள்ளம் இருந்த இடத்துல மேடு. உள்ள இருந்து யாரோ விரலால நெட்டித் தள்ளற மாதிரி, வரிசையா. மூணு இல்ல, நாலு.

வேலைக்கு வந்த துரை, அதைப் பார்த்துட்டுப் பக்கத்துல வரவே மாட்டேன்னுட்டான். நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கினேன். அழுந்தின மரம் அழுந்தினதுதான், காணாமப் போகாது. சுத்தி இருக்கிறதை இறக்கிட்டுத் தண்ணி காட்டினா அது உப்பிக்கினு எழும். சரி, மூணுக்குக் காரணம் கீது. நாலாவதுக்கு? ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்துல, மத்த மூணு மாதிரியே அச்சா நிக்குதே! தேய்ச்சுடலாம்னு தாளை எடுத்தேன். கை போகல. அப்படியே நிக்கறப்போ வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு.

நடந்ததை எல்லாம் சொல்லிட்டேன். திட்டுவாங்க, அழுவாங்கன்னு நெனச்சேன். வசந்தாம்மா செருப்பைக் கழட்டிட்டு உள்ள போனாங்க. கட்டில் பக்கத்துல உக்காந்து, மேட்டு மேல விரலை ஒவ்வொண்ணா வெச்சாங்க. நாலாவதுல கை நின்னுச்சு. பிரபு "அம்மா, எழுந்திரும்மா"ன்னு தோளைத் தொட்டான். அந்தம்மா அவனையும் பார்க்கல, என்னையும் பார்க்கல. கட்டிலைப் பார்த்து, புருஷனைக் கேக்கற குரல்ல மெதுவா கேட்டாங்க: "ஏங்க, இந்த விரலை இவ்வளவு நாளா இங்கயா வெச்சிருந்தீங்க?"

தேய்ச்சா எல்லாம் போயிடும்னு நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தோம், ஆனா சிலது நாம தேய்க்கட்டும்னே காத்துகினு கீது போல.